அனாமத்துக் கணக்கு

மதுரையில் பிறந்து வளர்ந்தவள் மல்லிகைப்பூ வாசனை ஆகாது என்று சொன்னால் ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். பஸ்ஸில் முன் இருக்கையில் ஒருத்தி தலை நிறையப் பூவோடு வந்து உட்கார்ந்தால் நான் எழுந்து பின்னால் போய் நின்றுகொள்வேன். கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு பூத்தட்டையும் நீட்டும்போது, தலைவலி என்று பொய் சொல்வேன். 2018 ஆனி மாதத்துக்குப் பிறகு வந்த பழக்கம் இது.

போன மாதம் எங்கள் அலுவலகப் பெண் ஒருத்தியின் தங்கைக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை தவறிவிட்டது. "அக்கா, நீங்கள் எப்படித் தேறினீர்கள் என்று அவளுக்குக் கொஞ்சம் சொல்லுங்கள்" என்றாள். தேறினேனா என்பதே எனக்குச் சந்தேகம். ஆனால் அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று நான் பின்னால் நினைத்துக்கொண்ட விஷயங்கள் சில உண்டு. எழுதித் தருகிறேன் என்றேன். உட்கார்ந்தால் இவ்வளவு நீண்டுவிட்டது.

நான் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவள். மாலை கடை கட்டும்போது ஒரு ரூபாய் இடித்தாலும் எனக்குச் சோறு இறங்காது. இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

வளைகாப்பு முடிந்து ஒன்பதாம் நாள் அது. முகம் உப்பியிருந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு முகம் பூரிக்கத்தானே செய்யும் என்று வந்தவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்கள். காலில் நீர் கோத்துச் செருப்பு நுழையவில்லை. இரண்டு நாளாகத் தலைவலி. பிறகு வலது விலாவுக்குக் கீழே, மேல்வயிற்றில் பிடித்து முறுக்குகிற ஒரு வலி. பக்கத்துக் கிளினிக்கில் காட்டினோம். வாயு என்று சொல்லி ஒரு பாட்டில் இளஞ்சிவப்பு மருந்து கொடுத்தார்கள். பிரஷர் பார்க்கவில்லை. அன்றிரவு சுவரில் மின்மினி பறப்பதுபோல வெளிச்சப் பொட்டுகள் தெரிந்தன. கரண்ட் ஏறி இறங்குகிறது என்று நினைத்து, பல்பை மாற்றச் சொன்னேன். என் கணவரும் ஸ்டூல் போட்டு ஏறி மாற்றினார். புது பல்பிலும் மின்மினி பறந்தது.

108 ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரஷர் 170/116. சிறுநீரில் புரதம் நிறையப் போய்க்கொண்டிருந்தது. நம் பக்கத்தில் அதைத்தான் உப்பு என்பார்கள். ரத்தச் சிவப்பணுக்கள் உடைகின்றன, கல்லீரல் கெடுகிறது, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சரிந்துவிட்டன என்று மருத்துவர்கள் பேசிக்கொண்டார்கள். இந்த மூன்றும் சேர்ந்த நிலைக்கு ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து 'ஹெல்ப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உதவி என்று கூப்பிடுகிற மாதிரி ஒரு நோய்க்குப் பெயரா என்று அந்த அரை மயக்கத்திலும் நினைத்தேன்.

ஊசி ஏற்ற வந்த சிஸ்டர் வளையலைக் கழற்றச் சொன்னார். கை வீங்கியிருந்ததால் சோப்பு போட்டும் வரவில்லை. துணியைச் சுற்றி ஒவ்வொன்றாக உடைத்தார். வளைகாப்பில் போட்டவை இரண்டு கையிலுமாக முப்பத்தொன்று. உடைந்த துண்டுகள் எஃகுத் தட்டில் விழும் சத்தத்தை நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

ஜன்னி, அதாவது வலிப்பு, வராமல் இருக்க இரண்டு இடுப்பிலும் மக்னீசியம் சல்பேட் ஊசி போட்டார்கள். உடம்புக்குள் யாரோ விறகடுப்பு மூட்டியதுபோல் இருந்தது. ஒரு சின்னப் பெண் டாக்டர் சுத்தியல்போன்ற ஒன்றால் முழங்காலைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மருந்து அளவு மீறினால் முதலில் அந்த உதறல்தான் நின்றுபோகுமாம். அந்த மலிவான மருந்து ஜன்னி வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கும் என்று, பல நாடுகளில் பத்தாயிரத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடந்த ஆய்வு 2002-இல் உறுதி செய்தது. இதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது வெக்கை ஒன்றுதான்.

தட்டணு குறைவு என்பதால் முதுகில் ஊசி போட முடியாது என்று முழு மயக்கம் கொடுத்தார்கள். ஆகவே அவன் அழுதானா என்று எனக்குத் தெரியாது. இருபத்தெட்டு வாரம், 840 கிராம்.

கர்ப்பமாக இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது மனத்தில் வையுங்கள். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு விடாத தலைவலி, கண்ணுக்கு முன் பொட்டுப் பொட்டாக வெளிச்சம், மேல்வயிற்று வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது: இவற்றில் எது வந்தாலும் பிரஷர் பார்க்காமல் வீடு திரும்பாதீர்கள். 140/90 என்பதே அதிகம்தான். "இந்த நேரத்தில் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்" என்று ஆறுதல் சொல்லும் பெரியவர்களிடம் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்ததில் மூன்று முறை டயாலிசிஸ். அந்த நாள்களில் என் பையன் கீழ்த்தளத்தில் இன்குபேட்டர் பெட்டிக்குள் இருந்தான். அவனுக்கு மூன்றாம் நாளே பால் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு மில்லி, வாய் வழியே விட்ட குழாயில். எனக்குப் பால் சுரப்பதற்கு முன்பே என் பிள்ளை பால் குடித்துவிட்டான்.

"யாருடைய பால்?" என்று கேட்டேன்.

"வங்கிப் பால், அம்மா. யார் கொடுத்தது என்று எங்களுக்கும் தெரியாது."

2014-இல் தமிழக அரசு தன் மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கிகளைத் திறந்தது. தன் குழந்தை குடித்ததுபோக மிச்சம் சுரக்கிற தாய்மார்கள் வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை முதலியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்துதான் வாங்குவார்கள். 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, குளிரவைத்து, மைனஸ் இருபதில் உறையவைப்பார்கள். காசு கிடையாது. குறைமாதக் குழந்தைக்குப் பவுடர் பாலைவிட இது குடலைக் காக்கும்.

ஆறாம் நாள் எனக்குச் சொட்டுச் சொட்டாக வந்தது. இரண்டு மில்லி. சிஸ்டர் அதை ஒரு சிரிஞ்சில் உறிஞ்சி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். மஞ்சளாக இருந்தது. ஏழாம் நாள் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய் அவனைக் காட்டினார்கள். பாதம் என் கட்டைவிரலளவு. காது இன்னும் மடிப்பு விழாமல் இலைத்துளிர் மாதிரி இருந்தது. கண்ணாடி ஓட்டைக்குள் கைவிட்டு, சுண்டுவிரலை அவன் உள்ளங்கையில் வைத்தேன். பிடித்துக்கொண்டான்.

ஒன்பதாம் நாள் இரவு ரத்தத்தில் கிருமி பரவி இறந்தான்.

குழாய்களையெல்லாம் எடுத்த பிறகு சிஸ்டர் வந்து, "வாங்கிக்கொள்கிறீர்களா, அம்மா?" என்று கேட்டார். பச்சை உடம்பு, பார்க்கவே கூடாது, பார்த்தால் மறக்க முடியாது என்று என் அம்மா தடுத்தார். "பாட்டி, அவர் மறப்பதற்காக நான் கேட்கவில்லை" என்றார் சிஸ்டர். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. இருபது நிமிடம் மடியில் வைத்திருந்தேன். முதன்முதலாக முகம் முழுவதும் தெரிந்தது. மூக்கு என் மாமனாருடையது.

அந்த இருபது நிமிடம் கிடைக்காத தாய்மார்களைப் பிறகு நிறையப் பார்த்துவிட்டேன். பார்க்காமல் விட்டவர்கள் படும் பாடு வேறு மாதிரி. அவர்கள் முகத்தைக் கற்பனை செய்துகொண்டே இருக்கிறார்கள். ஆகவே வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், பார்க்கிறாயா என்று அவளிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஆனால் அவளுக்காக நீங்கள் முடிவு செய்யாதீர்கள். ஒரு போட்டோ எடுத்து யாராவது பத்திரமாக வைத்திருங்கள். இரண்டு வருடம் கழித்துக் கேட்பாள்.

என் கணவரும் கொழுந்தனாரும் வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப்போனார்கள். நான் போகவில்லை, நம்மில் தாய் போகும் வழக்கம் இல்லை.

அவன் போய்விட்டான் என்று மார்புக்குத் தெரியவில்லை. மறுநாள் பால் கட்டிக்கொண்டு கல்லாகிவிட்டது. காய்ச்சல். பாலை நிறுத்துவதற்கு ஒரு மாத்திரை உண்டு, ஆனால் பிரஷர் இருப்பதால் எனக்குக் கொடுக்க முடியாது என்றார்கள். வங்கிக்குக் கொடுக்கிறேன் என்றேன். நீங்களே இவ்வளவு மருந்தில் இருக்கும்போது வாங்க முடியாது என்று அதையும் மறுத்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் உடைந்தேன். பிள்ளை இறந்தபோதுகூட அப்படி அழவில்லை. என்னிடம் இருந்த ஒரே பொருள், அதுவும் வேண்டாம் என்கிறார்களே என்று.

அத்தை நெருக்கமாகத் தொடுத்த மல்லிகைச் சரத்தை வாங்கிவந்து, இரண்டு மார்பிலும் வைத்துத் துணியால் இறுகக் கட்டினார். வாடினால் எடுத்துவிட்டுப் புதிது. பழைய காலத்துக் கைவைத்தியம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இதை முறையாக ஆராய்ந்து 1988-இல் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார்கள். பாலை நிறுத்தக் கொடுத்துவந்த மாத்திரைக்கு ஈடாகப் பூவும் வேலை செய்தது என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஐந்தாம் நாள் வற்றியது. பிள்ளைப்பாலும் வியர்வையும் மல்லிகையும் கலந்த ஒரு புளித்த வாசனை. அதற்குப் பிறகு எந்த மல்லிகையும் எனக்கு அந்த மல்லிகைதான்.

வேலைக்கு ஆறு வாரத்தில் திரும்பினேன். அப்போது நான் பார்த்துவந்த இடத்தில், குழந்தைதான் இல்லையே, ஆறு மாத விடுப்பு எதற்கு என்றார்கள். நானும் நியாயம்தானே என்று போய்விட்டேன். அது நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை. அப்போது நடைமுறையில் இருந்த 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில், குழந்தை என்ற சொல்லுக்குள் இறந்து பிறக்கும் குழந்தையும் அடக்கம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். 2017 திருத்தத்துக்குப் பிறகு இருபத்தாறு வாரச் சம்பள விடுப்பு. கர்ப்பம் இருபத்தாறு வாரத்துக்குள் கலைந்தால்தான் ஆறு வாரம். பிள்ளை பிறந்து இறந்துவிட்டால், உயிரோடு இருக்கும் தாயின் விடுப்பு பாதியில் முடியும் என்று அதில் எங்கேயும் இல்லை. அறுவைக் காயம் ஆறாத வயிற்றோடு நாற்காலியில் உட்கார்ந்து ரசீது அடுக்கிய அந்த நாள்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். கோபப்படக்கூடிய விஷயங்களில் கோபப்படுவது நல்லது. எல்லாவற்றையும் விதியின் தலையில் கட்டக் கூடாது.

அந்த நாள்களில் ஒரு நோட்டுப் போட்டேன். கணக்குக்காரி அல்லவா. எந்த வரவுக்கு எதிராக இந்தச் செலவு எழுதப்பட்டது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். மூன்றாம் மாதத்தில் பப்பாளித் துண்டு ஒன்று தின்றது. ஸ்கூட்டரில் மேலூர் வரை போனது. நாத்தனாரோடு சண்டை போட்டுச் சாபம்போல ஒரு வார்த்தை விட்டது. கிரகணத்தன்று காய் நறுக்கியது. வாயு மருந்தை நம்பியது. பல்பை மாற்றச் சொன்னது. நாற்பத்து மூன்று வரிகள். ஒவ்வொன்றின் நேரேயும் டிக் அடிப்பேன், அழிப்பேன்.

வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பதிவைப் போட்டுவிட்டுத்தான் போனார்கள். கொடுத்தவன் எடுத்துக்கொண்டான். அவனே திரும்பி வந்து பிறப்பான். உன் உயிர் மிஞ்சியதே, பெரிய உயிருக்குச் சின்ன உயிர் போனது. இந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் யாரிடமும் சொல்லாதீர்கள். என் மருத்துவர் அந்த நோட்டைப் பொறுமையாகப் புரட்டிவிட்டு, இதில் ஒன்றுகூட இல்லை என்றார். நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் ஆரம்ப மாதங்களிலேயே சரியாக விரிவடையாமல் போவதில் தொடங்கும் நோய் இது. நீங்கள் பப்பாளி தின்பதற்கு முன்பே ஆரம்பித்திருக்கும் என்றார். அறிவுக்கு ஏறியது. ஆனால் "எனக்கு ஏன்" என்ற வித்தியாசம் அப்படியே நின்றது.

சின்னத் தாத்தா ஒரு சனிக்கிழமை வந்தார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அழகர்கோயில்தான் அவருக்கு எல்லாம். சரணாகதி பற்றிச் சொன்னார். வைணவத்தில் இரண்டு கட்சி உண்டு; வடகலையார் குரங்குக் குட்டியைச் சொல்வார்கள், தென்கலையார் பூனைக் குட்டியைச் சொல்வார்கள். குரங்குக் குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாயே கவ்விக்கொண்டு போகும். "நீ பூனைக் குட்டியாக இரு, அம்மா" என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "தாத்தா, நம் பரணில் பூனை நான்கு குட்டி போட்டது. மூன்றைக் கவ்விக்கொண்டு போனது. நோஞ்சான் ஒன்றை விட்டுவிட்டுப் போய்விட்டது. இரண்டு நாள் கத்தியது. அதற்கு உங்கள் கட்சி என்ன சொல்கிறது?"

அவர் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார். வெகுநேரம் பேசவில்லை. "தெரியாது, அம்மா. தெரிந்தவன் மாதிரிப் பேசிவிட்டேன்" என்றார். பிறகு மோர் இருக்கிறதா என்று கேட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார், ஒரு தத்துவமும் பேசவில்லை. அம்மாவோடு உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குவார், சாப்பிடுவார், போவார். எனக்கு வந்த ஆறுதல்களிலேயே அதுதான் உருப்படியானது.

தை மாதம் அவரோடு அழகர்கோயிலுக்குப் போனேன். சோலைமலைக்கு ஏறும் பாதையில் குரங்குகள் அதிகம். மதில்மேல் ஒரு தாய்க் குரங்கு உட்கார்ந்திருந்தது. அதன் கையில் ஏதோ பழைய துணிபோலத் தொங்கியது. கிட்டப் போனதும்தான் தெரிந்தது, செத்துக் காய்ந்துபோன குட்டி. குட்டி இறந்தாலும் சில நாள் விடாமல் தூக்கிக்கொண்டு திரியும் என்று கடைக்காரர் சொன்னார்.

யாரோ வாழைப்பழம் போட்டார்கள். அந்தக் குரங்கு குட்டியை மதில்மேல் மெல்லக் கிடத்திற்று. இரண்டு கையாலும் பழத்தை உரித்துத் தின்றது. வேறொரு குரங்கு அதன் முதுகில் பேன் பார்க்க வந்தது. திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டியது. பிறகு குட்டியை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிப் போய்விட்டது.

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். தாத்தா அவசரப்படுத்தவில்லை. அவருடைய இரண்டு கட்சியிலும் இந்தக் குரங்கு இல்லை. பிடித்துக்கொள்வதா, விட்டுவிடுவதா என்றுதான் இத்தனை மாதமும் எல்லோரும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பிடுகிற நேரத்துக்குக் கீழே வைக்கலாம், மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மார்ச் மாதம் வருடக் கணக்கு முடிக்கிற வேலை. 1,340 ரூபாய் இடித்தது. மூன்று நாளாக ரசீதுகளைக் கவிழ்த்துப் பார்த்தும் அகப்படவில்லை. எங்கள் பெரிய கணக்குப்பிள்ளை அந்தக் காலத்து ஆள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னார்: "அனாமத்தில் எழுதிவிட்டு ஏட்டை மூடு, அம்மா. நாளைக்குக் கடை திறக்க வேண்டாமா?"

கணக்குத் தெரியாதவர்களுக்காக: எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாத தொகையை அனாமத்துக் கணக்கு என்று ஒரு தனி இடத்தில் எழுதி வைப்போம். அது தள்ளுபடி இல்லை. தொகை ஏட்டில் அப்படியே நிற்கும், ஒவ்வொரு வருடமும் அடுத்த ஏட்டுக்குக் கொண்டுபோவோம். விளக்கம் கிடைக்கிற அன்றைக்கு எடுத்து உரிய இடத்தில் சேர்க்கலாம். கிடைக்காமலும் போகலாம். அதற்காகக் கடையைப் பூட்டி வைப்பதில்லை.

அன்றிரவு வீட்டு நோட்டை எடுத்து நாற்பத்து மூன்றாவது வரிக்குக் கீழே "அனாமத்து" என்று எழுதி மூடினேன். சரணாகதி என்று தாத்தா சொன்னது இதுதானா என்று எனக்குத் தெரியாது. அவர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றே நினைக்கிறேன். எனக்கு வசப்பட்டது இவ்வளவுதான். காரணம் கேட்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை, பதில் வந்தால்தான் எழுந்திருப்பேன் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் எட்டு மாதம் மனநல மருத்துவரிடம் மாத்திரை சாப்பிட்டேன். மாடிப்படியில் நிற்கும்போது கீழே பார்க்கத் தோன்றிய நாள்கள் இருந்தன. சரணடைந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு மருந்தை நிறுத்துவது பக்தி ஆகாது. இப்போது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவிச் சேவையில் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. அதேபோல் பிரஷர். இந்த நோய் வந்துபோன பெண்களுக்குப் பிற்காலத்தில் இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எந்த டாக்டரிடம் போனாலும், எதற்காகப் போனாலும், பிரசவத்தில் இப்படி இருந்தது என்று முதலில் சொல்லிவிடுங்கள். அடுத்த கர்ப்பம் என்றால் மூன்றாம் மாதம் முடிவதற்குள்ளேயே சொல்ல வேண்டும். குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்கலாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். எனக்கு அடுத்த குழந்தை பிறந்ததா இல்லையா என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அதை வைத்துத்தான் இந்தக் கதை நல்லபடி முடிந்ததா என்று எல்லோரும் அளக்கிறார்கள்.

சிறுநீரகப் பரிசோதனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே மருத்துவமனைக்குப் போவேன். ஒருநாள் பால் வங்கி வாசலில் நின்றுவிட்டேன். உள்ளே இருந்தது நான் பார்த்த அதே சிஸ்டர். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். அந்தப் பால் கொடுத்தவர்களைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். முடியாது, பல பேருடையதைக் கலந்துதான் வைப்போம், பாட்டிலில் எண்தான் இருக்கும் என்றார். உறைபெட்டியைத் திறந்து காட்டினார். வரிசையாகச் சின்னச் சின்னப் பாட்டில்கள், மேலே பனி பூத்திருந்தது. பெயர் இல்லை. எல்லாமே அனாமத்து.

"வந்ததுதான் வந்தீர்கள், அந்தப் பெண்ணோடு கொஞ்சம் உட்காருங்கள். பால் வரவில்லை என்று காலையிலிருந்து அழுகிறாள்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. வாழ்க்கையின் நோக்கம் என்று புத்தகங்களில் போடுகிற வார்த்தைக்கு என் வீட்டில் செவ்வாய்க்கிழமை என்று பெயர். அன்றைக்கு எனக்கு வார விடுமுறை. காலை பத்து மணியிலிருந்து ஒன்றரை வரை. அங்கே செய்வதெல்லாம் சில்லறை வேலை. முதல் நாள்களில் சொட்டுதான் வரும், அது போதும் என்று சொல்வது. ஒரு நாளில் எட்டுப் பத்துத் தடவையாவது பீய்ச்ச வேண்டும், அதில் ஒன்று நடுராத்திரியில் இருக்க வேண்டும் என்று சொல்வது. வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றிவிட்டு, காம்பைக் கிள்ளாமல் கருவட்டத்துக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தக் காட்டுவது. குழந்தைக்குப் போட்ட துணியை முகர்ந்துகொண்டே பீய்ச்சினால் சிலருக்கு நன்றாக வரும். மாமியார்களை டீ குடிக்க அனுப்புவதும் என் வேலைதான்.

முதல் மாதத்திலேயே ஒரு தப்பு செய்தேன். ஒரு பெண் பயந்துபோய் இருந்தாள் என்று, எனக்கும் இப்படித்தான் என்று என் கதையைச் சொன்னேன். "உங்கள் குழந்தை செத்துப்போனதை எதற்கு என்னிடம் சொல்கிறீர்கள்?" என்று கத்தினாள். அவள் கேட்டது சரி. உயிரோடு பெட்டிக்குள் போராடும் குழந்தையின் தாயிடம் என் துக்கத்தைக் கொண்டுபோய் வைக்க எனக்கு என்ன உரிமை? அன்றிலிருந்து யாராவது நேராகக் கேட்டால் ஒழியச் சொல்வதில்லை. உதவி செய்யப் போகிறவர்கள் முதலில் தங்கள் கதையை வாசலில் செருப்போடு விட்டுவிட்டுப் போக வேண்டும்.

குழந்தை இறந்த தாய்மார்களிடமும் சில சமயம் கூப்பிடுவார்கள். அங்கே நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: "பால் எப்படி இருக்கிறது?" கூட்டமாக நின்று அழுகிறவர்கள் யாரும் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்டதும் அந்தப் பெண் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். வலிக்கிறது என்பாள். சேலை நனைகிறது, வெட்கமாக இருக்கிறது என்பாள். நிறுத்துவது எப்படி என்று டாக்டரிடம் கேட்கலாம். உடம்பு இடம் கொடுத்தால், மனம் இருந்தால், கொடுக்கவும் செய்யலாம் என்பேன். கட்டாயப்படுத்துவதில்லை. கொடுக்க முடியாமல் போனவள் நான் என்பதால், கொடுக்க முடியாதவளிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியும்.

மும்பை சயான் மருத்துவமனையில் 1989-இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கியவர் ஆர்மிடா பெர்னாண்டஸ் என்ற குழந்தை மருத்துவர். எத்தனையோ பேருடைய குழந்தைகளைக் காப்பாற்றியவர், பிற்காலத்தில் தன் மகளைப் புற்றுநோய்க்குக் கொடுத்தார். மகளின் பெயரிலேயே வலிநிவாரணச் சிகிச்சை மையம் ஒன்றைத் தொடங்கினார். இதைப் படித்த அன்றைக்கு, புண்ணியக் கணக்கு என்று ஒன்று கிடையாது என்பது எனக்கு உறுதியாயிற்று. இருந்திருந்தால் அவருக்கு அது நேர்ந்திருக்கக் கூடாது. அந்த எண்ணம் என்னை வருத்தவில்லை. எதற்கும் கூலி எதிர்பார்க்காமல் செவ்வாய்க்கிழமை போய்வர அது சௌகரியமாக இருக்கிறது.

கொரோனாவில் ஒன்றரை வருடம் உள்ளே விடவில்லை. மறுபடி போனபோது பாதிச் சிஸ்டர்கள் புதியவர்கள். திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண்ணுக்கு டிஸ்சார்ஜ். ஐம்பத்திரண்டு நாளாக அங்கேயே கிடந்தவள். குழந்தை ஒன்றே முக்கால் கிலோவுக்கு வந்துவிட்டது. அவள் மாமியார் புதுச் சேலை கட்டி, தலை கொள்ளாமல் பூ வைத்து அழைத்து வந்திருந்தார். கதவருகில் சிஸ்டர் தடுத்தார். வாட்ச், வளையல், பூ எதுவும் உள்ளே கூடாது, கையைக் கழுவிவிட்டு வா என்றார். அவள் அவசர அவசரமாகப் பூவைப் பிடுங்கினாள். வைக்க இடம் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தாள். மாமியார் பில் எழுதுமிடத்துக்குப் போயிருந்தார். பெஞ்சில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

இரண்டு முழம் இருக்கும். அரும்பெல்லாம் விரிந்திருந்தது, தண்ணீர் தெளித்து ஈரமாக இருந்தது. பக்கத்தில் வைக்கலாம் என்றால் பெஞ்ச் முழுக்க மருந்துச் சீட்டுகளும் பிளாஸ்க்குகளும். உள்ளே ஊசிச் சீட்டு, தடுப்பூசி அட்டை, கையெழுத்து என்று நேரமாகிக்கொண்டே போயிற்று. நாற்பது நிமிடம் கழித்துக் குழந்தையோடு வெளியே வந்தாள். பூவைக் கொடுத்தேன். இரண்டு கையிலும் பிள்ளை இருந்ததால் வாங்கிக்கொள்ள முடியவில்லை, திரும்பி நின்று தலையைக் காட்டினாள். நானே வைத்துவிட்டேன்.